டர்பனில் குடும்பக் கவுன்சலிங்: நேரிலா, வீடியோவிலா, சென்னையிலிருந்தா?

எங்கள் வீட்டுக்குக் கவுன்சலிங் தேவை என்று முடிவானபோது மூன்று வழிகள் இருந்தன. டர்பன் புறநகரான வெஸ்ட்வில்லில் ஓர் உளவியலாளரை நேரில் போய்ப் பார்ப்பது; அதே தகுதியுள்ள உள்ளூர்க்காரரை வீடியோவில் பார்ப்பது; சென்னையில் இருக்கும் தமிழ்க் கவுன்சலரை இணையத்தில் பிடிப்பது. மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவதில் நிற்கிறோம். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு நிலவரம் சுருக்கமாக. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் மாமியாரோடு கூட்டுக் குடித்தனம். மகன் மெட்ரிக் (பள்ளியின் கடைசி வருஷம்), மகள் சின்னவள். இவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளின் படிப்பில் ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும், தெரிந்தே ஆரம்பிப்போம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். காவடி எடுப்பார், புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடமாட்டார், ஆனால் தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது.

பெட்ரோல், பார்க்கிங், நேரம் என்று கணக்குப் போட்டால் வீடியோதான் லாபம், இதில் பேச ஒன்றுமில்லை. சாயங்காலத்தில் என்2 நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்பகெட்டி ஜங்ஷன் என்ற மேம்பாலச் சந்திப்பைத் தாண்டியவர்களிடம் இதை விளக்க வேண்டியதும் இல்லை. காத்திருக்கும் அறையில் கோயில் கமிட்டிக்காரர் யாரையாவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இல்லை. நம் ஊர் அவ்வளவுதான் பெரிசு.

சென்னைக் கவுன்சலரிடம் எனக்குக் கிடைத்தது இங்கே யாரிடமும் கிடைக்கவில்லை. நாத்தனார் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல் ஏன் ஒரு வாரம் மனசுக்குள் கிடந்து அறுக்கிறது என்று அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கட்டணமும் ராண்டில் பார்த்தால் குறைவு. நேரம்தான் கொஞ்சம் இடிக்கும். அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் அவருக்குப் பத்தரை. காலை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

தனியாளாக மனச்சுமையை இறக்கி வைக்க அது நல்ல வழி. ஆனால் இவரும் வந்து உட்கார்ந்ததும் நான் மொழிபெயர்ப்பாளராகிவிட்டேன். இவரைப் பற்றிய என் புகாரை நானே இவருக்கு ஆங்கிலத்தில் சொல்லி, இவர் மறுப்பதை நானே தமிழில் எடுத்துச் சொல்லி... இதற்கு நாங்கள் வீட்டிலேயே சண்டை போட்டிருக்கலாம். மூவரும் ஆங்கிலத்துக்கு மாறினோம். அப்புறம் சென்னைக்குப் போன காரணமே இல்லாமல் போனது. இன்னொரு விஷயமும் உண்டு: வெளிநாட்டில் இருந்தபடி இங்குள்ளவர்களுக்குச் சிகிச்சை தருபவரும் இங்கே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது எச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் கவுன்சில்) நெறிமுறை. ஏதாவது தவறாகப் போனால் புகார் கொடுக்க இங்கே இடம் வேண்டுமே.

எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்: இருவரும் ஒரே நேரத்தில் உட்கார முடிகிறதா? குடும்பக் கவுன்சலிங்கில் ஒருவர் மட்டும் வந்தால் கவுன்சலர் கேட்பது ஒரு பக்கக் கதை. வராதவருக்கோ, தன்னை வைத்து ஏதோ பஞ்சாயத்து நடந்துவிட்டது என்ற எண்ணம். அடுத்த முறை அவர் வரும்போது ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டுதான் வருவார்.

இவருடைய ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். கப்பல் தாமதமானால் ஆளை விடமாட்டார்கள். உளவியலாளர்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிட்டால் முழுக் கட்டணம் கேட்பது இங்கே பல இடங்களில் வழக்கம். அந்தப் பணத்தை மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு மாதிரி) தராது. நேரில் போன காலத்தில் இவர் வராத நாட்களுக்கும் காசு கட்டினோம், நான் தனியாக உட்கார்ந்து அழுததற்கும் கட்டினோம்.

வீடியோவில் இது நின்றது. இவர் இடைவேளையில் காரில் உட்கார்ந்து போனை டாஷ்போர்டில் சாய்த்து வைத்துக்கொள்வார், நான் வீட்டிலிருந்து. ஆளுக்கொரு திரை என்பதில் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் குரல் உடைந்து யாருக்கும் கேட்காது. வேறு வழியில்லாமல் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறோம். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம் இது.

வீட்டில் தனிமை கிடைப்பதுதான் பெரிய தலைவலி. சாட்ஸ்வர்த்தின் பழைய கவுன்சில் வீடுகளில் பல, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். எங்களுடையதும் அப்படித்தான். மாமியார் சீரியல் பார்க்கும் நேரத்தையே பெரும்பாலும் அப்பாயின்ட்மென்ட் நேரமாக்கினோம். காதில் ஹெட்போன், கதவடியில் சுருட்டி வைத்த துண்டு. எங்கள் உளவியலாளர் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்பது, எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார். இதெல்லாம் கேட்காதவராக இருந்தால் யோசியுங்கள்.

கரண்ட் பற்றி: 2023-இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது வீடியோ கவுன்சலிங்கைச் சிபாரிசு செய்திருக்கவே மாட்டேன். 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரிய அளவில் குறைந்துவிட்டது. இருந்தாலும் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். மின்வெட்டு நீண்டு டவரின் பேட்டரியும் தீர்ந்துபோனால் மொபைல் டேட்டாவும் கைகொடுக்காது.

பணம் விஷயத்தில் நேரிலும் வீடியோவிலும் எங்களுக்கு வித்தியாசமில்லை. எச்பிசிஎஸ்ஏ பதிவும் பிராக்டிஸ் நம்பரும் (மெடிக்கல் எய்டுக்குப் பில் போடத் தேவையான எண்) உள்ளவர் என்றால் மெடிக்கல் எய்ட் சேவிங்ஸிலிருந்து, அதாவது அதில் நமக்கென்று ஒதுக்கிய சேமிப்பிலிருந்து போகும். பதிவு இருக்கிறதா என்று எச்பிசிஎஸ்ஏவின் ஐ-ரெஜிஸ்டர் என்ற இணையப் பட்டியலில் பெயரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கடுமையான மனச்சோர்வு போன்ற நோய்களுக்கு மெடிக்கல் எய்ட் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சச் சலுகை உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பொதுவாக அது வராது. சேவிங்ஸ் தீர்ந்துபோனால் ஃபாம்சா போன்ற குடும்பநல அமைப்பிடம் கேட்டுப் பார்க்கலாம், வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்குவார்கள். நாங்கள் இன்னும் அங்கே போனதில்லை.

நேரில் போவதற்கு ஒரு விஷயத்தை மட்டும் முழுசாக விட்டுக்கொடுக்கிறேன். வெஸ்ட்வில் அம்மா முதல் நாளே, நான் பேசும்போதெல்லாம் இவர் கால் ஆடுவதைக் கவனித்து, எதற்காக ஆடுகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் இவர் முதன்முறையாக வாயைத் திறந்தார். திரையில் தெரிவது தலையும் தோளும் மட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வீடியோ எப்படி என்று எனக்கு அனுபவம் போதாது. மகளை ஒரே ஒரு முறை உட்கார வைத்தோம். கேமராவில் தன் முகத்தைப் பார்த்துக் கோணங்கி காட்டியதோடு சரி. விளையாட வைத்துப் பேச்சு வாங்குபவரிடம் நேரில் கூட்டிப்போவதே மேல் என்று படுகிறது. மகன் வீடியோவையே தொடவில்லை, பள்ளிக் கவுன்சலரிடம் பேசுகிறான்.

வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்தால் கதை வேறு. அடிப்பவர் அடுத்த அறையில் இருக்கும்போது திரை முன்னால் உண்மை பேச முடியாது. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வெளியே போய்த்தான் பேச வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். சாடாக் என்ற மனநல அமைப்பின் 0800 567 567 இலவச எண், இரவிலும் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு சைல்ட்லைன் உதவி எண் 116.