தனியாக இருக்கும் நாய்க்கு டிவியா, ரேடியோவா?

வேலைக்குக் கிளம்பும்போது நாய்க்குத் துணையாக எதைப் போட்டுவிட்டுப் போவது என்று பலர் குழம்புகிறார்கள்.

பார்வை
டிவி: பழைய பெட்டி டிவியில் படம் நொடிக்கு 50 முறைதான் மினுக்கும். நம் கண்ணுக்கு அது ஓரளவு சீரான படம். ஆனால் நாயின் கண் நொடிக்கு 70 முறைக்கு மேலும் மினுக்கலைப் பிரித்தறியும் என்பதால் அதற்குத் திரை துடித்துக்கொண்டே இருந்திருக்கும். இன்றைய எல்இடி திரையில் அந்தத் தொல்லை குறைவு. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். 2012-ல் அமெரிக்காவில் நாய்களுக்கென்றே ‘டாக் டிவி’ என்ற சேனல் வந்தது.
ரேடியோ: பார்க்க எதுவுமில்லை.

அமைதி
டிவி: திரையில் இன்னொரு நாய் ஓடினால் போதும், சில நாய்கள் பாய்ந்துவிடும். திடீர் அழைப்பு மணியும் வெடிச்சத்தமும் பயமுறுத்தும்.
ரேடியோ: இதில்தான் வித்தியாசமே. காப்பகத்து நாய்களிடம் நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், மேற்கத்திய செவ்விசை கேட்டவை அமைதியாகப் படுத்திருந்தன; ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசை கேட்டவை அதிகம் குரைத்தன. நாயின் காது நம்முடையதைவிடக் கூர்மை, அதனால் ஒலியைக் குறைத்தே வையுங்கள்.

செலவு
ரேடியோவே மலிவு.

பயந்த சுபாவமுள்ள, வயதான நாய்க்கு மெல்லிய இசை போதும். துறுதுறுப்பான இளம் நாய்க்கு டிவி சரி, ஆனால் முதலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். திரையைப் பார்த்துக் குரைத்தால் அணைத்துவிடுங்கள்.