பெலாரஸ் போராட்டம்: ஆவணப்படமா, புனைவுப் படமா?

2020 ஆகஸ்ட் தேர்தலுக்குப் பின் அதிபர் லுகஷென்கோவை எதிர்த்து பெலாரஸ் மக்கள் தெருவில் இறங்கியதை, வெளிநாட்டில் வாழும் இயக்குநர்கள் இரண்டு விதமாக உலகுக்குக் காட்டினார்கள்.

ஜெர்மனியில் வாழும் அலியக்ஸேய் பலுயன் எடுத்தது ஆவணப்படம். அவருடைய ‘கரேஜ்’ 2021 பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அரசு நாடக அரங்கை விட்டு வெளியேறிய மூன்று நடிகர்கள், லண்டனில் இருக்கும் நாடக இயக்குநர்களோடு இணையம் வழியே ஒத்திகை பார்க்கிறார்கள். வெளியே போராட்டம். நாட்டை விட்டுப் போவதா, இருப்பதா என்ற கேள்வி அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. அந்த முகங்கள் நிஜம் என்பதுதான் படத்தின் பலம். ஆபத்தும் அதுதான்: கேமராவில் பதிந்த எவரையும் அரசு அடையாளம் காண முடியும்.

போலந்தில் வாழும் மாரா தம்கோவிச் புனைவைத் தேர்ந்தெடுத்தார். 2024இல் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவுக்கு வந்த ‘அண்டர் த கிரே ஸ்கை’, பத்திரிகையாளர் கத்சியாரினா அந்திரேயேவாவின் கதையிலிருந்து பிறந்தது. 2020 நவம்பரில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து போராட்டத்தை நேரலை செய்ததற்காகக் கைதானவர் அவர். முதலில் 2 ஆண்டு தண்டனை. அது முடியும் முன்பே, 2022இல், தேசத்துரோகம் என்று இன்னும் 8 ஆண்டு 3 மாதம். படம் கூட்டத்தைவிட அந்தத் தம்பதியிடம்தான் அதிகம் நிற்கிறது. மனைவியை எப்படியாவது மீட்கத் துடிக்கும் கணவன், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ள மறுக்கும் மனைவி.

பெலாரஸ் பற்றி எதுவுமே தெரியாதவருக்கு நான் தம்கோவிச்சின் படத்தைத்தான் முதலில் தருவேன். அரசியல் பின்னணி தெரியாவிட்டாலும் அந்த வீட்டின் தவிப்பு புரிந்துவிடும். அப்புறம் பலுயனைப் பாருங்கள்.