மேங்கோ தெரு வீடு: 31 நாளுக்கு ஒரு புத்தகம்

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மரபு மாதம், அதாவது ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்களின் மரபைக் கொண்டாடும் மாதம், செப்டம்பர் 15-இல் தொடங்கி அக்டோபர் 15-இல் முடியும். மாத நடுவில் தொடங்கக் காரணம் உண்டு: குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஐந்துக்கும் 1821-இல் விடுதலை வந்த நாள் அது. அந்த மாதத்தில் ஒரே ஒரு புத்தகம் படிக்கலாம் என்றால், சாண்ட்ரா சிஸ்னெரோஸின் ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’டைத் தயங்காமல் எடுங்கள். 1984-இல் ஹூஸ்டனின் ஆர்த்தே பூப்ளிகோ பதிப்பகம் வெளியிட்டது.

மொத்தம் 44 குட்டி அத்தியாயங்கள். பல ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான். நாளுக்கு ஒன்று, சனி ஞாயிறில் இரண்டோ மூன்றோ படித்தால் கணக்குச் சரியாக வரும். ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நாவல் என்று நினைத்துக் கதையோட்டத்தைத் தேடுபவர்கள் பாதியில் மூடிவைப்பது இதனால்தான். ஒவ்வொன்றையும் கவிதை மாதிரி வாய்விட்டுப் படிக்க வேண்டும். உரையாடலுக்கு மேற்கோள் குறியே கிடையாது; குழுவாகப் படிப்பதாக இருந்தால், யார் பேசுவது என்பதை முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குரல்கள் குழம்பும்.

கதைசொல்லி எஸ்பெரான்சா, சிகாகோவில் வளரும் மெக்சிகோ வம்சாவளிச் சிறுமி. ‘நோ ஸ்பீக் இங்கிலீஷ்’ அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அமெரிக்கா வந்த புதிதில் எஸ்பெரான்சாவின் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘ஹேமண்டெக்ஸ்’. அதனால் மூன்று மாதம், மூன்று வேளையும் பன்றி இறைச்சியும் முட்டையும்தான். எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் ஒரு பெண், ஸ்பானிஷ் வானொலியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறாள். அவள் கைக்குழந்தை பேசத் தொடங்கியதும் பாடுவது டிவியில் கேட்ட பெப்சி விளம்பரத்தை. மொழி கைவிட்டுப் போகும் வலியை இவ்வளவு சிறிய இடத்தில் சொன்ன எழுத்து அரிது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர்களுக்கு இங்கே விளக்கவுரை தேவைப்படாது.

எளிய நடையைப் பார்த்துச் சிறுவர் நூல் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். ‘ரெட் கிளவுன்ஸ்’ பாலியல் வன்முறையைச் சொல்கிறது; ‘தி ஃபர்ஸ்ட் ஜாப்’பில் வயதானவர் ஒருவரின் அத்துமீறல் வருகிறது. ‘மை நேம்’, ‘ஹேர்ஸ்’ இரண்டையும் சின்னவர்களோடு தாராளமாகப் படிக்கலாம்.

ஸ்பானிஷ் கற்பவர்கள் எலேனா போனியாத்தோவ்ஸ்காவின் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வாங்குங்கள். முதலில் ஆங்கிலத்தில் ஓர் அத்தியாயம், உடனே அதே அத்தியாயம் ஸ்பானிஷில். வாக்கியங்கள் சிறியவை என்பதால் அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்காது. அந்தப் பதிப்பின் தலைப்பிலும் ‘மேங்கோ ஸ்ட்ரீட்’ ஆங்கிலத்திலேயே நிற்கிறது.