கடைப் பார்சலா, ரைஸ் குக்கரா? மகாபொலக் காசில் எடை குறைக்க எது சரிவரும்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் இரண்டு வருடத்தில் என் எடை 71 கிலோவுக்கு ஏறிவிட்டது. உயரம் 157 சென்டிமீற்றர். கணக்குப் போட்டால் உடற்திணிவுச் சுட்டி (BMI) 28.8 வருகிறது. ஆசிய மக்களுக்கு இது 23 ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 க்கு மேல் போனால் அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இலேயே சொல்லிவிட்டது. அப்பாயிக்குச் சீனி வருத்தத்தில் (நீரிழிவில்) கால்விரல் எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த எண்ணைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கையில் இருந்தது மகாபொலப் பணம், இலங்கையில் பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் மாத உதவித்தொகை. 2025 இல் அது 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூடியது. அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். வீட்டிலிருந்து மாதாமாதம் எதிர்பார்க்க முடியாது. இந்தக் காசுக்குள் நானும் போர்டிங் கூட்டாளிகளும் ஆளுக்கொரு வழியாகப் பார்த்தோம். ஏழு மாதத்தில் நான் 64 கிலோவுக்கு வந்தேன். மெதுவான வேகம்தான், ஆனால் குறைந்த எடை திரும்பி ஏறவில்லை.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாடு மலையில் வேலை செய்கிறவருக்கான சாப்பாடு. காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகுமுன் இரண்டு தடித்த ரொட்டி, சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி. கோதுமை மா 100 கிராமில் 360 கலோரிக்கு மேல் இருக்கிறது. தேங்காய்ப் பூவும் சேர்ந்தால் அந்த இரண்டு ரொட்டி 600 கலோரியைத் தொட்டுவிடும். அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டுக் கொழுந்துப் பையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குவார். நான் அதே அளவைச் சாப்பிட்டுவிட்டு விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். என் எடை ஏறியதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பார்சலும் ரைஸ் குக்கரும்

கன்டீன் சோற்றுக்கும் கடைப் பார்சலுக்கும் ஒரு பெரிய நன்மை உண்டு: நேரம் மிச்சம். செய்முறை வகுப்பு உள்ள நாளில் சமைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பார்சலைப் பிரித்துப் பாருங்கள். குறைந்தது மூன்று கப் சோறு, அதன்மேல் ஒரு கரண்டி பருப்பு, ஒரு சின்ன மீன் துண்டு, ஒரு அப்பளம். சோறு மட்டுமே 600 கலோரி வரும். வயிறு நிரம்பும், நாலு மணிக்குத் திரும்பப் பசிக்கும். சோற்றில் புரதம் குறைவு, கறியோ பெயருக்குத்தான் இருக்கிறது.

இரவில் கொத்து சாப்பிடும் பழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு முழுக் கொத்து ரொட்டி 1,000 கலோரியை எளிதாகத் தாண்டும். கோழிக் கொத்து ஒன்றின் காசில் பத்து முட்டைக்கு மேல் வாங்கலாம். இந்தக் கணக்கு என் மனதில் பதிந்த நாளிலிருந்து கொத்துக்கடைப் பக்கம் போவது மாதம் ஒருமுறை என்றாகிவிட்டது.

ரைஸ் குக்கர் வழியில் நானும் பக்கத்து அறை அக்காவும் பங்கு. சோறு வேகும்போதே மேல் தட்டில் இரண்டு முட்டை, நறுக்கிய போஞ்சி அல்லது கரட். இன்னொரு நாள் பருப்பும் கீரையும் ஒன்றாக. முதல் மாதம் போர்டிங் வீட்டு அம்மா கரண்டுக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். அதையும் சேர்த்துக்கூட பார்சலைவிடச் செலவு குறைவாகத்தான் வந்தது. ஒருவர் தனியாகச் சமைத்தால் இந்த மிச்சம் வராது. மரக்கறி வாடிப்போகும், பாதி குப்பைக்குப் போகும். ஆகவே பங்குக்கு ஆள் இருந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள்.

எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும், பசியை அடக்குவதும் அதுதான். புரதமா, அது பணக்காரச் சாப்பாடு என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 சொச்சம் கலோரிதான். வேகவைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 24 கிராம் அளவு இருக்கிறது. காய்ந்த சோயா மீட்டில் எடையில் பாதியே புரதம். கூட வரும் மசாலாப் பைக்கற்றில் உப்பு அதிகம், பாதிதான் போடுவேன். நெத்தலிக் கருவாடு ஒரு பிடி போதும், சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிவிட்டால் சரி. கடலையும் கௌபியும் இரவே ஊறப் போட்டுவிடலாம். டின் மீனும் கோழியும் கையில் காசு இருக்கும் கிழமைக்கு.

மரக்கறியில் பிடிவாதம் வேண்டாம். மழை பிடித்தால் நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும் விலை ஏறிவிடும். அப்போது வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் என்று கீரைக்கு மாறிவிடுவோம். பலாக்காயையும் ஈரப்பலாவையும் மட்டும் மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை மாச்சத்து, சோற்றோடு வைக்காமல் சோற்றுக்குப் பதிலாக வைக்க வேண்டும்.

பரீட்சைக் காலத்தில் கன்டீனுக்கே திரும்பினேன். "சோறு பாதி போடுங்க அண்ணே, மல்லுங் கொஞ்சம் கூட" என்று கேட்டால் (மல்லுங் என்பது தேங்காய்ப் பூ போட்ட கீரைச் சுண்டல்) முகம் சுளிக்காமல் தருவார்கள். கூட ஒரு அவித்த முட்டையைக் கையில் கொண்டுபோவேன்.

ஓட்ஸ் வாங்கத் தேவையே இல்லை. சமபோஷா என்ற உள்ளூர் தானிய மா அதைவிட மலிவு, வயிற்றையும் பிடிக்கும். ஆனால் அதில் சீனியையும் தேங்காயையும் அள்ளிப் போட்டால் பலனில்லை.

காசே செலவாகாத வழி

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கைகொடுத்தது தேத்தண்ணிச் சீனியை விட்டதுதான். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு நாலு கோப்பை. கரண்டிக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 60 கிராம், மாதத்துக்கு 1.8 கிலோ சீனி! கலோரியில் நாளுக்கு 240. சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனக்குத் தேத்தண்ணியிலேயே அந்த எல்லை தாண்டிவிட்டது.

ஒரேயடியாக விட முடியாதவர்களுக்கு எங்கள் பெரியவர்கள் செய்வதைச் சொல்கிறேன். உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நாக்கில் தொட்டுக்கொண்டு வெறும் சாயத்தை, அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணியை, குடிப்பார்கள். இனிப்பும் கிடைக்கும், அரைக் கரண்டியில் ஒரு கோப்பை முடிந்துவிடும். நான் அப்படித்தான் இறங்கி வந்தேன். போத்தல் பானம் வாங்குகிறவர்கள் லேபிளில் சீனி அளவைக் காட்டும் நிற வட்டத்தைப் பார்க்கட்டும். 2016 இலிருந்து நம் நாட்டில் அது கட்டாயம், சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டைக் குறைக்கும் காலத்தில் இரத்தச்சோகையும் வந்துவிடக் கூடாது.

பட்டினி கிடப்பதும் அளவாகச் சாப்பிடுவதும்

காலைச் சாப்பாட்டை விடுவது மலிவு என்று தோன்றும். என் கூட்டாளி ஒருத்தி அப்படித்தான் தொடங்கினாள். பத்தரை இடைவேளையில் இரண்டு ரோல்ஸும் ஒரு பால் தேத்தண்ணியும் வாங்குவாள், விட்ட சாப்பாட்டைவிட அது செலவும் கூட, எண்ணெயும் கூட. நேரம் குறித்துச் சாப்பிடும் முறையைச் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு சோதித்துப் பார்த்து, 2022 இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் சாப்பிட்டது. எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காலையில் உண்மையாகவே பசிக்காதவருக்கு விடுவது சரிவரலாம். எனக்கு ஒரு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுப் போவதுதான் சரிவந்தது.

ஜிம்மும் மலையும்

ஜிம்மை நான் குறை சொல்ல மாட்டேன். பாரம் தூக்கினால் தசை நிற்கும், சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கும். ஆனால் மாதக் கட்டணம் என்னைப் போன்றவளுக்கு இரண்டு கிழமைச் சாப்பாட்டுக் காசு. கண்டியிலும் பேராதனையிலும் மேடு ஏறாமல் எங்கே போக முடியும்? கலஹா சந்தியிலிருந்து பஸ்ஸை விட்டு நடந்தேன். சனிக்கிழமையில் நாலைந்து பேராக ஹந்தானைப் பக்கம் ஏறினோம். சமதரையில் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தால் 200 கலோரிக்கு மேல் செலவாகும், ஏற்றத்தில் அதைவிடக் கூட. மழை நாளில் அட்டைக் கடியோடு போராடாமல் போர்டிங் படிக்கட்டில் ஏறி இறங்குவேன். புத்தகப் பையை முதுகில் மாட்டி இருபது தடவை உட்கார்ந்து எழும்புவேன், சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒரு மணி நேர நடையை இரண்டு ரோல்ஸ் அழித்துவிடும். நடை முக்கியம், ஆனால் எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டுத்தான்.

மாத்திரையும் ஸ்லிம்மிங் கோப்பியும்

வேண்டவே வேண்டாம். மீன் கறிக்குப் போடும் கொறக்காப் புளியிலிருந்து எடுத்த சத்து என்று குளிசை விற்கிறார்கள். 1998 இல் வெளியான ஒரு ஆய்வில் 135 பேருக்கு அந்தச் சத்தையோ வெற்றுக் குளிசையையோ 12 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள், எடையில் வித்தியாசம் வரவில்லை. அதைச் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத மெலிவுக் கோப்பிகளில் சிபுட்ரமைன் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2010 இல் சந்தையிலிருந்து விலக்கிய மருந்து அது. அந்தக் காசில் ஒரு மாத முட்டை வாங்கலாம்.

மாதவிடாய் குழம்பினாலோ, ஒரு காரணமும் இல்லாமல் எடை ஏறினாலோ இறங்கினாலோ, சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்தாலோ இந்த ஒப்பீடு எதுவும் உதவாது. பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்தில் டொக்டரைப் பாருங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியிலும் காசு கேட்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே, "என்னா புள்ள, இப்புடி எளச்சுப் போயிட்ட, அங்க சோறு போட மாட்டாங்களா" என்று கண் கலங்கிவிட்டார். எங்கள் தோட்ட லயத்தில் மெலிவு என்றால் நோய், இல்லாவிட்டால் வறுமை. நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பாயியின் காலைப் பற்றியும் என் எண்களைப் பற்றியும் சொன்னேன். அடுத்த நாள் காலை என் தட்டில் ஒரு ரொட்டி, ஒரு முட்டை, பின்பக்கத்து வல்லாரையில் ஒரு சம்பல். அம்மா பிரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் தட்டில் முட்டை இல்லை. என் முட்டையில் பாதியை அவருக்கு எடுத்து வைத்தேன்.