சுங்கை சிப்புட்டில் 2டி அனிமேஷன் வகுப்பா? பணம் கட்டுவதற்கு முன் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள்

எஸ்பிஎம் (மலேசிய ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து நம் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் 2டி அனிமேஷன் வகுப்பு நடக்கிறது. பெயர் போடவில்லை, புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மூன்று மாதம், 2,400 வெள்ளி (ரிங்கிட்), முழுத் தொகையும் முதல் நாளே. சொந்தக் கதாபாத்திரம், சான்றிதழ், வேலை எல்லாம் உண்டு என்று பேச்சு.

முடித்து வந்த நான்கு பிள்ளைகளின் கோப்புகளைத் திறந்து பார்த்தாயிற்று. நான்கிலும் ஒரே பொம்மை. சட்டை நிறமும் தலைமுடியும்தான் வேறு. லேயர்களின் (படத்தின் அடுக்குகள்) பெயர்கூட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பொம்மையை இறக்கி, மூட்டெல்லாம் ஏற்கெனவே பொருத்திய நிலையில் கையில் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சாயம் பூசியதோடு சரி.

பொம்மையை முக்கால்வாசி முகமாகத் திருப்பச் சொன்னால் நால்வரும் விழிக்கிறார்கள். திருப்ப அதில் ஒன்றும் இல்லை. ஒழுங்கான வகுப்பு என்றால் முதல் மாதம் முழுக்க இதற்கே போகும். முன்புறம், முக்கால்வாசி, பக்கவாட்டு, பின்புறம் என நான்கு நிலையையும் ஒரே தாளில் வரைய வேண்டும். உச்சந்தலை, கண், தாடை, தோள், இடுப்பு, முட்டி ஆகியவற்றுக்குக் கிடைக்கோடு இழுத்து, நான்கு உருவமும் அதே கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கவாட்டில் கண் ஒரு விரல் இறங்கிவிட்டாலும் தலை திரும்பும்போது முகம் குதிக்கும். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பது. நிழலை வைத்தே ஆளை அடையாளம் தெரியாவிட்டால் மறுபடி வரைய வேண்டியதுதான்.

மூட்டு விஷயம் இன்னும் மோசம். மேல்கையும் முன்கையும் தனித்தனித் துண்டுகள். இரண்டின் முனையும் முழங்கையில் ஒரே அளவு வட்டமாக முடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுழலும் புள்ளி சரியாக வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பையன் சொந்தமாக ஒரு சட்டைக் கையை வரைந்து மாட்டியிருக்கிறான். முனையைச் சதுரமாக வெட்டிவிட்டதால், மடக்கினால் முழங்கையில் முக்கோண ஓட்டை திறந்து பின்னணி தெரிகிறது. அது ஏன் என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

நடையும் ஆயத்தம்தான். நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் சாதாரண நடைக்கு ஒரு அடி 12 பிரேம்: 1இல் குதிகால் தரை தொடும், 4இல் உடல் இறங்கும், 7இல் கால்கள் ஒன்றையொன்று கடக்கும், 10இல் உடல் எழும், 13இல் மறுகால் தொடும். தரையில் ஊன்றிய கால் பிரேமுக்கு எத்தனை புள்ளி (பிக்சல்) பின்னால் போகிறதோ, உருவம் அத்தனை புள்ளி முன்னால் போக வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் பொம்மையைத் திரையில் இழுத்துவிட்டால், மழை பெய்த செம்மண் சடக்கில் செருப்போடு வழுக்குகிற மாதிரிதான் இருக்கும். நான்கு காணொளியிலும் அதேதான்.

வாயசைவு ஆங்கிலத்துக்கு அமைத்த தானியங்கிக் கருவியில் ஓடியிருக்கிறது. 'அம்மா' என்றால் உதடு மூடியபடி மூன்று நான்கு பிரேமாவது நிற்க வேண்டும். இவர்களுடையதில் ஒரே பிரேம் மூடித் திறக்கிறது. கண்ணுக்கு 'அஆ' என்றுதான் படுகிறது.

பொம்மையை அசைக்கும் மென்பொருளுக்கு உரிமமே இல்லை, உடைத்த பிரதி. வீட்டில் கோப்பு திறக்காது. இதே வேலைக்கு உதவும் கிரித்தா, பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் மென்பொருள்கள் மூன்றும் இலவசம். ஓப்பன்டூன்ஸ் 2016 முதல் யாருக்கும் திறந்து கிடக்கிறது. அதன் மூலமான டூன்ஸ் ஜப்பானின் கிப்ளி ஸ்டூடியோவே பயன்படுத்தியது. இதையெல்லாம் சொன்னால் வியாபாரம் நடக்காதே.

'அரசாங்கப் பதிவு' என்று அவர்கள் காட்டுவது மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் தரும் தாள். அது கடை பதிவான தாள். மளிகைக் கடைக்கும் அதே தாள்தான். திறன் சான்றிதழான எஸ்கேஎம் வேண்டுமானால் அந்த மையத்துக்கு அரசின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயின் அங்கீகாரம் இருக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு, எந்த நிலைக்கு என்று அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் அதையும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள்; வரைந்த தாளையும் ஒரு நிமிடக் காணொளியையும்தான் கேட்பார்கள்.

சேருவதாக இருந்தால் பழைய மாணவர் இருவரின் மூலக் கோப்பைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். காணொளி மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வக்கீல் தேவையில்லை. ரசீது, விளம்பரத்தின் படம், புலனத்தில் வந்த வாக்குறுதிகள் எல்லாம் வேண்டும். முக்கியமாக, வகுப்புக் கணினியில் இருக்கும் உங்கள் பிள்ளையின் கோப்பு. அதை இந்த வாரமே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.