சத்தத்தை நிறுத்தினார்கள், சூட்டைக் குறைக்கவில்லை: கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று கம்ப்யூட்டரை யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

என் வீட்டு கம்ப்யூட்டரில் சிபியு (ப்ராசஸர்) ஃபேன் கரகரவென்று இரைந்தது. எடுத்துப்போன டெக்னீசியன், ஃபேனையும், ப்ராசஸரின் சூட்டை அதன் மேலுள்ள உலோகக் குளிர்விப்பானுக்கு (ஹீட்சிங்க்) கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதால் அதையும் மாற்றியதாகச் சொல்லி இரண்டுக்கும் பணம் வாங்கினார். மெஷின் சத்தமே இல்லாமல் திரும்பி வந்தது. திரையில் 42 டிகிரி என்று காட்டி, "பாருங்க சார், எவ்வளவு கூலா இருக்கு" என்றார்.

அந்த 42 டிகிரி, வேலை எதுவும் இல்லாமல் சும்மா கிடக்கும் மெஷினின் வெப்பநிலை. வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் போட்டதும் எல்லாம் நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் வெப்பநிலை 100 டிகிரியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஃபேனோ சும்மா இருந்தபோது சுற்றிய அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. 100 டிகிரி என்பது என் ப்ராசஸருக்கு உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். த்ராட்லிங் என்பது இதுதான். மெஷின் அணைந்துபோகாது, பிழைச் செய்தியும் வராது. பழசாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அவரும் போனில் அதையேதான் சொன்னார்: "மெஷின் பழசு சார், புது மதர்போர்டு போட்டுடலாம்." எனக்குப் பொறுக்க முடியாமல் போனது இந்த இடத்தில்தான்.

விண்டோஸ் எழும் முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். வெப்பநிலைக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டிய ஃபேன் வேகத்தை 30 சதவீதத்தில் நிலையாகக் கட்டிப்போட்டிருந்தார். ஃபேன் நின்றுவிட்டால் எச்சரிக்க வேண்டிய அமைப்பையும் 'இக்னோர்' என்று மாற்றியிருந்தார். கழற்றிப் பார்த்தால் அதே பழைய ஃபேன், இறக்கையெல்லாம் தூசி. பேரிங் தேய்ந்த ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சத்தம் கேட்காது, அவ்வளவுதான் அந்த வித்தை. ஹீட்சிங்கின் அடியில் பேஸ்ட் சுண்ணாம்பு போல உதிர்ந்தது.

இன்னொன்றும் செய்திருந்தார். வெப்பநிலை காட்ட அவர் போட்டுவிட்டுப் போன மென்பொருள் விண்ரிங்0 என்ற பழைய டிரைவரை (வன்பொருளோடு பேசும் சிறு நிரல்) பயன்படுத்துவது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2020லேயே பதிவானது. விண்டோஸுடன் வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் அதைத் தடுக்கிறது. அது தடுக்காமல் இருக்க விதிவிலக்கும் சேர்த்து வைத்திருந்தார். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "சத்தம்தானே போகணும்னு சொன்னீங்க" என்று பதில். பணம் திரும்ப வரவில்லை.

அந்த மென்பொருளையும் விதிவிலக்கையும் நீக்கினேன். அப்புறம் புது நான்கு பின் ஃபேன் (வேகத்தை போர்டே மாற்றக்கூடிய வகை), புது பேஸ்ட். பயாஸிலேயே 40 டிகிரியில் 30 சதவீதம், 60ல் 50, 80ல் முழு வேகம் என்று வைத்தேன். இப்போது அதே எக்ஸ்போர்ட் 75 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஃபேன் வேகத்தை பயாஸில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி, விண்டோஸ் எழும் முன்பே வேலை செய்யும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, டெர்மினலில் 'சென்சார்ஸ்' (sensors) என்று தட்டினாலே வெப்பநிலை வரும். பல போர்டுகளில் ஃபேன் வேகமும் தெரியும்.

மெஷினைத் திரும்ப வாங்கும்போது சும்மா இருக்கும் நிலையின் எண்ணை ஏற்காதீர்கள். கால் மணி நேரமாவது கனமான வேலை கொடுத்து, வெப்பநிலையையும் ஃபேனின் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்கள் போன்றவை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, அதனால் எண்ணை மட்டும் பார்த்து பயப்பட வேண்டாம். சூடு ஏறும்போது ஃபேன் வேகமும் ஏறுகிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய ஃபேனைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.