பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பகுதி நேர உதவி: கோலாலம்பூரில் எது தேறும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். செயலியில் பதிந்தால் வாரம் ஒரு நாள் நான்கு மணி நேரம் வந்து துடைத்துப் பெருக்கிவிட்டுப் போகும் சேவை, வேலைக்குப் போகும் தம்பதிக்கு நல்ல சேவை. பச்சை உடம்புக்காரி இருக்கும் வீட்டுக்கு அது தோதுப்படாது. தரைத் தூசி ஒரு வாரம் கிடந்தாலும் குடி முழுகாது. பிள்ளைத் துணியும் பால் போத்தலும் பத்தியச் சமையலும் அன்றன்றைக்கு வந்து நிற்கும். கொஞ்சம் கூடச் செலவானாலும் ஒரே ஆள் வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம் வருவதுதான் மேல்.

கிடைப்பது மூன்று வகை. செயலி அல்லது ஏஜென்சி ஆள்: நான்கு மணி நேரத்துக்கு நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். பெரும்பாலும் சமைக்க மாட்டார்கள், பிள்ளையைத் தொட மாட்டார்கள். பெரிய குறை, வாரத்துக்கு ஒரு புது முகம். இவரிடம் சொன்னதை அடுத்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பணம் கட்டுமுன் “ஒரே ஆளைத் தருவீர்களா?” என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, பேறுகாலப் பராமரிப்புக்கென்று கூடவே தங்கும் கன்ஃபைன்மென்ட் லேடி: இரவும் பகலும் இருப்பார், ஆனால் மாதக் கணக்கு ஆயிரங்களில் ஓடும். மூன்றாவது, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கம் வாய்வழியாகக் கிடைக்கும் அக்கா. பூண்டுக் குழம்பு வைக்கத் தெரியும், தமிழில் பேசலாம், வந்த அன்றே கையில் பணம். ரசீது இருக்காது, காய்ச்சல் வந்தால் மாற்று ஆளும் இருக்காது. அப்படியும் நம் ஓட்டு இவருக்குத்தான்.

வெளிநாட்டு ஆள் மலிவாகக் கிடைக்கிறார் என்று யாராவது சொன்னால் பெர்மிட்டைப் பாருங்கள். வீட்டுப் பணிப்பெண் பெர்மிட் அதில் பெயருள்ள முதலாளியின் வீட்டுக்கு மட்டும்தான். ஓய்வு நாளில் உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்வதும் குற்றம். செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்படி ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உள்ளூர் ஆளை வைத்தாலும் உங்களுக்கு ஒரு வேலை உண்டு: 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களும் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பாதுகாப்பின் கீழ் வந்துவிட்டார்கள். ஈரமான பாத்ரூமில் அக்கா வழுக்கி விழுந்தால்தான் அதன் அருமை தெரியும். ஏஜென்சி ஆளென்றால் ஏஜென்சி அவரைப் பெர்கேசோவில் பதிந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

எப்போது தொடங்குவது? 2023 ஜனவரி முதல் அம்மாவுக்கு 98 நாள் விடுப்பு, தனியார் வேலையில் உள்ள அப்பாவுக்கு 7 நாள். எட்டாம் நாள் வீட்டில் கை குறையும், அன்றிலிருந்து ஆள் வேண்டும். ஆனால் கர்ப்பத்தின் 36ஆவது வாரத்திலேயே ஒருமுறை வரச் சொல்லி வேலை பார்க்கவிடுங்கள். காஸ் அடுப்பு, வாஷிங் மெஷின் பொத்தான், குப்பைக் கூடம் எல்லாம் அன்றைக்கே பழகிவிடும். கொண்டோ என்றால் கார்ட் ஹவுஸில் பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் பதிந்துவையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் காவலாளி இண்டர்காமில் அழைப்பார், இப்போதுதான் தூங்கிய பிள்ளை எழுந்துகொள்ளும்.

இரண்டு மணி நேரத்தில் வரிசைதான் எல்லாம். வந்ததும் முதல் வேலை மெஷினைப் போடுவது. அது ஓடி முடிப்பதற்குள் சமையல். பால் கறையும் மலக்கறையும் பட்ட துணியைக் குளிர்ந்த நீரில் அலசிய பிறகே மெஷினில் போட வேண்டும். முதலிலேயே வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். துவாலைக்கும் துணி நாப்கினுக்கும் சாஃப்டனர் வேண்டாம், ஈரம் உறிஞ்சாது. சமையலில் நேரத்தைத் தின்பது அடுப்பல்ல, பூண்டு. கால் கிலோ உரிக்கவே அரை மணி நேரம் போகும். முந்தின இரவே பல் பிரித்துத் தண்ணீரில் போட்டுவையுங்கள், தோல் தானாக நழுவும். பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்ய வந்தால், சுறாவில் பாதரசம் கூடுதல் என்று சொல்லி நெத்திலிக்கோ கெம்போங் மீனுக்கோ மாற்றிவிடுங்கள். மிச்சமுள்ள இருபது நிமிடத்தில் தரை. பாத்ரூம் மோப் அறைக்குள் வரக் கூடாது. துடைக்கும் துணி உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்சி ஆள் கொண்டுவரும் துணி எத்தனை வீடு துடைத்ததோ!

அதிகம் கெடுவது பால் பம்ப். அதனுள் வாத்து மூக்கு போல மெல்லிய சிலிக்கான் வால்வு ஒன்று இருக்கும், நுனியில் சின்னக் கீறலோடு. நல்லெண்ணத்தோடுதான் அக்கா போத்தல் பிரஷை அதற்குள் விட்டுத் திருகுவார். கீறல் அகன்றுவிடும், உறிஞ்சும் விசை குறையும். மறுநாள் போத்தலில் பால் குறைந்ததும் பால் வற்றிவிட்டதென்று வீடே பூண்டைக் கூட்டும். கோளாறு அந்த வால்வில். அதை விரலால் சோப்பு நீரில் அலசினால் போதும். பம்ப் பாகங்களுக்குத் தனிப் பேசின், தனிப் பிரஷ். பாத்திரம் கழுவும் சிங்க்கில் கிடத்தக் கூடாது. காற்றுக் குழாயை நனைக்கவே வேண்டாம், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். ஒன்று, பாச்சை உருண்டை. பிள்ளைத் துணியை மடித்து வைக்கும்போது அலமாரியில் இரண்டைப் போடுவது பழைய வழக்கம். ஜி6பிடி என்ற இரத்த நொதிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதிலுள்ள நாப்தலின் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். மலேசியாவில் பிறந்ததுமே இதற்குச் சோதிக்கிறார்கள். முடிவு பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும், பாருங்கள். குறைபாடு இல்லை என்றாலும் அந்த உருண்டை அலமாரியில் எதற்கு? மற்றொன்று, ப்ளீச்சையும் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒரே பாத்ரூமில் ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றைப் பூட்டி வையுங்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்டவும் தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அது வீண் செலவு: அக்கா பிள்ளையோடு உட்கார்ந்திருப்பார், அம்மா எழுந்து போத்தல் கழுவுவார்.

நோன்புப் பெருநாளை ஒட்டிய நாட்களில் செயலியில் ஆள் கிடைப்பது அரிது. தீபாவளி வாரத்தில் அக்காவுக்கு அவர் வீட்டு முறுக்கு வேலையே தலைக்கு மேல். பேறு அந்த நாட்களில் விழுந்தால் முன்கூட்டியே அக்காவை ஒரு நாள் கூடுதலாக வரச் சொல்லி, மிளகுக் குழம்பை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஆறு டப்பா ஃபிரீசரில் ஏற்றிவிடுங்கள்.